எறங்குறப்போ முழங்காலுக்குள்ள 'டக்'னு ஒரு சத்தம்: நெட்போல் விளையாடுற தங்கச்சிக்கு பதில்

கடிதம் எழுதுனவங்க தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்து தங்கச்சி, 17 வயசு, ஏஎல் படிக்கிறாங்க, ஸ்கூல் நெட்போல் டீம்ல விங் அட்டாக். அவங்க எழுதுனத சுருக்கி சொல்றேன். வலய மட்டப் போட்டியில மேல வந்த போலை எட்டிப் புடிச்சு ஒத்தக் கால்ல எறங்கி திரும்புறப்போ வலது முழங்காலுக்குள்ள டக்னு சத்தம், அப்படியே விழுந்துட்டாங்க, யாரும் வந்து இடிக்கல. ரெண்டு மணித்தியாலத்துல முழங்கால் பலாக்கொட்ட வெளிய தெரியாத அளவுக்கு வீங்கிருச்சாம் (அவங்க வார்த்தை, முழங்கால் சிப்பியத்தான் சொல்றாங்க). தோட்டத்து டிஸ்பென்சரியில பெனடோல், மறுநாள் முறிவு வைத்தியர்கிட்ட எண்ண போட்டு உருவி ரெண்டு கிழமை கட்டு. எக்ஸ்ரேயில எலும்பு ஒடையலன்னு சொன்னாங்க, வீக்கமும் எறங்கிருச்சு, ஒன்றரை மாசத்துல திரும்ப பிராக்டிஸ் போனாங்க, ஓடி நின்னு திரும்புனதும் முழங்கால் கழண்டு போன மாதிரி ஆகி திரும்ப வீக்கம். இப்ப எலும்பு கிளினிக் டொக்டர் கால மடக்கி இழுத்துப் பாத்துட்டு ஏசிஎல் ஜவ்வு (முழங்காலுக்கு நடுவுல தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்க நார்) அறுந்திருக்கலாம்னு எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்திருக்கார். அம்மா ஒபரேஷன்னாலே அழுறாங்க, இனி விளையாட்டே வேணாம்ங்கிறாங்க. ஒபரேஷன் இல்லாம சரியாகுமா, திரும்ப விளையாடலாமா, எவ்வளவு நாள் ஆகும், இதுதான் கேள்வி. கடைசி வரியில, கூட விளையாடுற பிரெண்டுக்கு கணுக்கால் அடிக்கடி பெரளுது, அதுக்கும் ஏதாச்சும் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க.

தங்கச்சி, நேரா பதிலுக்கு வாறேன். ஏசிஎல் அறுந்திருந்தா, நடக்க, படி ஏறி எறங்க, வேலைக்கு போக ஒபரேஷன் இல்லாமலே நெறய பேருக்கு முடியும். நெட்போல்ல முழு வேகத்துல ஓடி டக்குனு நின்னு திரும்பணும்னா அது வேற கணக்கு, அதுவும் உங்க முழங்கால் ஒருதடவ கழண்டு காட்டிருச்சு, அதனால ஒபரேஷன் பத்தி டொக்டர்கிட்ட கட்டாயம் பேச வேண்டி வரும். திரும்ப விளையாடலாம், ஆனா இந்த வருசப் போட்டிய மறந்துருங்க. ஒபரேஷன் செஞ்சா அன்னையிலேருந்து கொறஞ்சது 9 மாசம், அதுக்கு மேலயும் ஆகலாம். செய்யலன்னாலும் மாசக்கணக்குல பயிற்சி இருக்கு. இதுல குறுக்கு வழி ஒண்ணும் கெடையாது, யாராச்சும் ஒரு மாசத்துல விளையாட வைக்கிறேன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

யாரும் இடிக்காமயே எப்படி அறும்னு யோசிப்பீங்க. இடிபடாம அறுறதுதான் இதுல அதிகம். நெட்போல் ரூல்ஸையே பாருங்க, போலோட ஓட முடியாது, எறங்குன கால தூக்குனா திரும்ப தரையில வைக்கிறதுக்கு முந்தி போல் கைய விட்டு போயிருக்கணும், கையில வச்சிருக்க 3 செக்கன்தான். அதனால முழு வேகத்துல ஓடிவந்து குதிச்சு புடிச்சு ஒத்தக் கால்ல நட்டுக்க நிக்கணும், நின்னபடி ஒடம்ப கோல் போடுற சேர்கிள் பக்கம் திருப்பணும். பாதம் தரையில அப்படியே பதிஞ்சிருக்கு, ஒடம்பு திரும்புது, முழங்கால் உள்ளுக்கு சாயுது, அந்த ஒரு நொடியில நடுவுல இருக்க ஜவ்வு மேல முழு பாரமும் விழுந்து அறுந்துருது. பொம்பள புள்ளைகளுக்கு இது ஆம்பளைங்கள விட ரெண்டு மடங்குக்கு மேல வருதுன்னு பல நாட்டு ஆய்வுல பாத்திருக்காங்க. இடுப்பு அமைப்பு, ஹோர்மோன்னு பல காரணம் சொல்லுவாங்க, எனக்கு அதவிட பெருசா படுறது நம்ம புள்ளைகளுக்கு கால் மசில்ஸ பலப்படுத்துற பயிற்சியோ ஒழுங்கா எறங்குற பயிற்சியோ யாரும் குடுக்குறதே இல்ல. இத பத்தி கீழ இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லுவேன்.

எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லன்னதும் எல்லாரும் ஒண்ணும் இல்லன்னு நம்பிட்டீங்க பாருங்க, அதுதான் நெறய பேர் மாட்டிக்கிற எடம். எக்ஸ்ரே எலும்பத்தான் காட்டும், ஜவ்வ காட்டாது. சத்தம் கேட்டுச்சு, விழுந்தீங்க, ரெண்டு மணித்தியாலத்துல பெருசா வீங்குச்சு, இந்த மூணும் சேர்ந்தாலே எங்களுக்கு ஏசிஎல் சந்தேகம் வந்துரும். அவ்வளவு சீக்கிரம் வீங்குனா அது மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்ச வீக்கம், சாதாரண சுளுக்குன்னா மெதுவா, மறுநாள்தான் வீங்கும். டொக்டர் கால லேசா மடக்கி முன்னுக்கு இழுத்துப் பாத்தார்ல, அந்த சோதனை பழகுன கையில நல்லாவே நம்பலாம், எம்ஆர்ஐ அத உறுதிப்படுத்தவும் கூட வேற எதுவும் கிழிஞ்சிருக்கான்னு பாக்கவும்தான்.

முறிவு வைத்தியர்கிட்ட போனத பத்தி நீங்க ரொம்ப தயங்கி எழுதியிருக்கீங்க, நான் திட்டுவேன்னு நெனச்சிருப்பீங்க போல. தோட்டத்துல ராத்திரி அடிபட்டா, பெரியாஸ்பத்திரிக்கு போறதுக்கு ஆட்டோ கூலியே அம்மாவோட ஒருநாள் சம்பளத்த விழுங்கிரும், பக்கத்துல கெடைக்கிறவர்கிட்ட போறத யாரு குத்தம் சொல்ல முடியும். அசையாம கட்டுனது கூட அந்த நேரத்துக்கு வலிய கொறச்சிருக்கும். எனக்கு ஒத்துக்க முடியாதது ஒண்ணுதான், புதுசா அடிபட்டு வீங்கியிருக்க மூட்ட சுடு எண்ண போட்டு அழுத்தி உருவுறது. மொதல் ரெண்டு மூணு நாளைக்கு சூடு, உருவுறது, நடந்து பழக்குறேன்னு இழுத்துக்கிட்டு போறது மூணும் வேணாம், உள்ள கசிவு கூடும். கால கொஞ்சம் ஒசத்தி வச்சு, நெகிழ்வான பேண்டேஜால மெதுவா சுத்தி, வலிக்கு 15 நிமிசம் ஐஸ். வீட்டுல பிரிட்ஜ் இல்லன்னா கடையில புள்ளைங்க வாங்குற ஐஸ் பக்கெட்ட துணியில சுத்தி வைங்க, அதுவும் இல்லன்னா நம்ம பீலித் தண்ணியில நனைச்ச துணியே போதும், மலைநாட்டு தண்ணி சும்மாவா. ஐஸ் வலிய கொறைக்கும், ஆனா ஜவ்வ ஒட்ட வைக்காது. கட்டு கட்டுனா கால் வெரல் நீலமாவோ மரத்தோ போகுதான்னு பாருங்க, போனா யாரு கட்டுன கட்டா இருந்தாலும் ஒடனே அவுக்கணும்.

வீக்கம் எறங்குனதும் நல்லாயிருச்சுன்னு நெனச்சு போனீங்க, ஏன் கழண்டுச்சு? கொழுந்து கூடைக் கயிறு அறுந்தா அம்மா ரெண்டு கையாலயும் கூடைய புடிச்சு சமதரையில நடந்துருவாங்க, ஆனா சரிவுல கால் வழுக்குறப்போ கை மட்டும் பத்தாது, கூடை கவுந்துரும். ஏசிஎல் இல்லாத முழங்காலும் அப்படித்தான், நேரா நடக்குறப்போ மசில்ஸ் தாங்கிக்கும், திடீர்னு திரும்புறப்போ முடியாது. இதுல வலி ஒரு அளவுகோலே இல்ல. அறுந்து கொஞ்ச கிழமையில வலி போயிரும், ஜவ்வு மட்டும் போன எடத்துலதான் நிக்கும், ஏன்னா முழுசா அறுந்த ஏசிஎல் பெரும்பாலும் தானா ஒழுங்கா ஒட்டிக்கிறதில்ல.

ஒவ்வொரு தடவ கழலுறப்பவும் என்ன ஆகும்னா உள்ள இருக்க மெனிஸ்கஸ்ங்கிற மெத்தை மாதிரியான குருத்தெலும்பு நசுங்கி கிழிய வாய்ப்பிருக்கு. அது போச்சுன்னா மூட்டு தேய்மானம் அறுபது வயசு வரைக்கும் காத்திருக்காம நாப்பது வயசுலயே வரலாம். அதனால ஒரு முடிவு வார வரைக்கும் கோர்ட் பக்கம், எல்லே, வீட்டு வாசல்ல தம்பியோட சொப்ட்போல் கிரிக்கெட், எதுவும் வேணாம்.

ஒபரேஷனா இல்லையான்னு முடிவெடுக்க அவசரப்பட வேணாம். சுவீடன்ல 121 பேர வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2010ல வெளியிட்டாங்க, ஒரு பகுதிக்கு சீக்கிரமே ஒபரேஷன், மத்தவங்களுக்கு மொதல்ல பயிற்சி, தேவைப்பட்டா மட்டும் பிறகு ஒபரேஷன். அஞ்சு வருசம் கழிச்சு பாத்தா பயிற்சியில ஆரம்பிச்சவங்கள்ல பாதிப்பேர் அளவுக்கு ஒபரேஷன் தேவைப்படவே இல்ல, முழங்கால் நெலமையும் மத்தவங்கள விட மோசமா இல்ல. மத்த பாதிப்பேர் கழலுறது நிக்காம பிறகு செஞ்சுக்கிட்டாங்க, அதையும் மறைக்காம சொல்லணும். ஆக ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா பயிற்சி செஞ்சு பாத்து, அப்பவும் கழண்டா, இல்ல திரும்பவும் நெட்போல்தான் வேணும்னா, ஒபரேஷன் பக்கம் போறது நியாயம். மெனிஸ்கஸும் பெருசா கிழிஞ்சிருந்தா டொக்டர் சீக்கிரமே செய்யச் சொல்லலாம். எந்த வழியா இருந்தாலும் இப்ப செய்ற பயிற்சி வீண் போகாது, முழங்கால் முழுசா நீண்டு, தொடை பலமா இருந்து ஒபரேஷனுக்கு போறவங்கதான் பிறகு நல்லா தேறி வாறாங்க.

எம்ஆர்ஐக்கு கண்டிக்கு திகதி கெடைக்க நாள் எடுக்கும்னு எழுதியிருக்கீங்க. அந்த நாள சும்மா கட்டில்ல கழிக்காதீங்க. மொதல் வேலை முழங்கால முழுசா நீட்டுறது, குதிகாலுக்கு கீழ ஒரு துவாய சுருட்டி வச்சுட்டு முழங்கால அப்படியே தொங்க விட்டு 5 நிமிசம், நாளைக்கு நாலஞ்சு தடவ, மத்த கால் எவ்வளவு நீளுதோ அவ்வளவு நீண்டே ஆகணும், இதுல கோட்டை விட்டா நொண்டல் நெலைச்சுரும். அதே துவாய முழங்காலுக்கு கீழ வச்சு தொடைய இறுக்கி கீழ அமுக்கி 5 செக்கன் புடிங்க, 10 தடவ, நாளைக்கு மூணு நேரம். அது சுலபமானதும் கால நேரா தூக்குங்க, தூக்குறப்போ முழங்கால் லேசா மடங்குனா தொடை இன்னும் தயாரில்லன்னு அர்த்தம், பழையபடி அமுக்குறதுக்கே போங்க. குதிகால தரையில இழுத்து மடக்குறது, மல்லாக்க படுத்து இடுப்ப தூக்குறது, செவுத்துல முதுக சாச்சு பாதி ஒக்காருறது, ரெண்டு கிழமைக்கப்புறம் லயத்து வாசப்படியில ஒரே ஒரு படி ஏறி எறங்குறது, பல்லு வெளக்குறப்போ அடிபட்ட கால்ல மட்டும் நிக்கிறது. இதுக்கு ஜிம்மும் வேணாம் காசும் வேணாம். செய்றப்போ கொஞ்சம் வலிச்சா பரவால்ல, மறுநாள் காலையில முழங்கால் வீங்கியிருந்தா நேத்து செஞ்சது கூடிப்போச்சு, பாதியா கொறைங்க. ஒங்களுக்கு ஸ்கூல் போக எத்தன படி, எத்தன சரிவுன்னு எனக்கு தெரியும், ஏறுறப்போ நல்ல கால் முன்னுக்கு, எறங்குறப்போ அடிபட்ட கால் முன்னுக்கு, மழை நாள்ல ஒரு கம்பு. வெக்கப்படாதீங்க. முட்டை, பருப்பு, கடலை, நெத்தலி, இதுல ஏதாவது ஒண்ணு ஒவ்வொரு நேரமும் தட்டுல இருக்கட்டும், வெறும் ரொட்டியும் சம்பலும் தின்னா மசில் எங்கேருந்து வளரும்.

ஒபரேஷன்னு முடிவாச்சுன்னா, அது பயப்படுற மாதிரி கால கிழிச்சு தொறக்குறது இல்ல, சின்ன தொளை போட்டு கேமராவ விட்டு, ஒங்க கால்லேருந்தே தொடைக்குப் பின்னாடி உள்ள நாரையோ முழங்கால் சிப்பிக்கு கீழ உள்ள நாரையோ கொஞ்சம் எடுத்து அந்த எடத்துல பொருத்துவாங்க. ரெண்டு மூணு கிழமை ஊன்றுகோல், மூணு நாலு மாசத்துல தொடை பலம் வந்தா நேரா மெதுவா ஓடுறது, அப்புறம் குதிக்கிறது, அதுக்கப்புறம்தான் திரும்புறது. கவனமா இருக்க வேண்டிய காலம் நடுவுல வருது. புதுசா வச்ச நார் மொதல் சில மாசத்துல பலம் கொறஞ்சு, பிறகுதான் ரத்த ஓட்டம் வந்து மெதுமெதுவா ஜவ்வா மாறுது, அந்த நேரத்துலதான் ஒங்களுக்கு வலியே இருக்காது, நான் நல்லாயிட்டேன்னு மனசு துடிக்கும், டீமும் கூப்பிடும். நோர்வேயிலயும் அமெரிக்காவுலயும் சேர்த்து செஞ்ச ஒரு ஆய்வு 2016ல வந்துச்சு, 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் பிந்திப் போறப்பவும் திரும்ப முழங்கால் அடிபடுற வீதம் பாதியளவு கொறஞ்சுச்சு. 25 வயசுக்கு கீழ திரும்ப விளையாடப் போனவங்கள்ல நாலஞ்சு பேருக்கு ஒருத்தர் திரும்பவும், அந்தக் கால்லயோ மத்தக் கால்லயோ, அறுத்துக்கிறாங்க. ஒங்க வயசுக்கு இது சின்ன விசயம் இல்ல.

மாசம் ஓடிட்டா மட்டும் போதாது, கால் பாஸ் பண்ணணும். தரையில சோக்கட்டியால கோடு போட்டு நல்ல கால்ல ஒத்தக் கால் குதிச்சு அதே கால்ல ஆடாம நின்னு அளங்க, அப்புறம் அடிபட்ட கால்ல. நல்ல கால் 120 சென்றிமீட்டர்னா மத்தது கொறஞ்சது 108 வரணும், அதாவது நூத்துக்கு 90. மூணு தடவ தொடர்ந்து குதிக்கிறதுலயும் அப்படியே வரணும். நாக்காலியில ஒத்தக் கால்ல எந்திரிச்சு ஒக்காருறதுலயும் ரெண்டு காலும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும், குதிச்ச மறுநாள் வீக்கம் இருக்கக் கூடாது, அந்த எறங்குற நொடிய நெனச்சா மனசு நடுங்கவும் கூடாது. பயம் இருக்கவங்க கால நம்பாம எறங்குறாங்க, அதனாலயும் திரும்ப அடிபடலாம். இந்த சோதனைய தனியா வீட்டுல ஆரம்பிக்காதீங்க, பிசியோ சரின்னு சொன்ன பிறகு, அவங்க முன்னுக்கே செய்ங்க.

இனி இந்தப் பகுதிய அம்மாவுக்கு வாசிச்சு காட்டுங்க. அம்மா, ஒங்க மகளுக்கு கால் போகல. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கிளினிக்கும் பிசியோவும் இலவசம், செலவு வந்தா போக வர பஸ் காசும் ஒங்க அரநாள் வேலையும்தான், அது சின்ன செலவு இல்லன்னு எனக்கும் தெரியும். ஒபரேஷன் செய்யணும்னு யாரும் இன்னும் சொல்லல, சொன்னாலும் அது உசுருக்கு ஆபத்துன்னு செய்றது இல்ல, யோசிச்சு நாள் எடுத்து முடிவெடுக்கலாம், டொக்டர்கிட்ட நீங்களே போய் கேள்வி கேளுங்க. பொம்பள புள்ளைக்கு ஏன் இந்த விளையாட்டுன்னு கேக்குறது எனக்கு புரியுது, ஆனா விளையாட்ட நிறுத்துனா மட்டும் இந்த முழங்கால் சரியாகாது. பயிற்சி செய்யாம வீட்டுல ஒக்காந்தா தொடை மெலிஞ்சு, நாளைக்கு படியில எறங்குறப்பவே கழலும். விளையாடணும்ங்கிற ஆசைதான் அந்தப் புள்ளைய தெனமும் பயிற்சி செய்ய வைக்கப் போகுது, அத இப்ப புடுங்கிறாதீங்க.

அந்தக் கோவத்துக்கு வாறேன். நம்ம நாட்டு நெட்போல் டீம் 2018லயும் 2022லயும் சிங்கப்பூர்ல ஆசிய சாம்பியன் ஆச்சு, அத நாம பேஸ்புக்ல ஷெயார் பண்ணி சந்தோசப்படுறோம். ஆனா நம்ம ஸ்கூல்கள்ல வலய மட்டப் போட்டிக்கு கொஞ்ச நாளைக்கு முந்திதான் புள்ளைகள கோர்ட்டுக்கு எறக்குறாங்க, வருசம் முழுக்க ஒண்ணும் இல்லாம திடீர்னு தெனமும் ரெண்டு மணித்தியாலம், காலையில பனி விலகாத குளிருல வோர்ம் அப் இல்லாம, ஈரத் தரையில, அடி தேஞ்ச சப்பாத்தோட. இதுல அடிபடாம இருந்தாத்தான் ஆச்சரியம். ஒங்க டீச்சர்கிட்ட இத குடுங்க: பிராக்டிஸ்க்கு முந்தி 10லேருந்து 15 நிமிசம், கிழமைக்கு ரெண்டு மூணு நாள், மெதுவா ஓட்டம், பாதி ஒக்காருறது, ஒத்தக் கால் சமநிலை, தொடைக்குப் பின்னாடி மசிலுக்கு பயிற்சி, அப்புறம் குதிச்சு எறங்குறது. இந்த மாதிரி பயிற்சியால ஏசிஎல் அடிபடுறது பாதியளவு கொறையுதுன்னு பல ஆய்வ சேர்த்துப் பாத்து சொல்லியிருக்காங்க. அவுஸ்திரேலியாவுல நெட்போலுக்குன்னே முழங்கால் பயிற்சித் திட்டம் இருக்கு, போன்ல தேடுனா வீடியோவே கெடைக்கும். எறங்குறப்போ முடிஞ்சா ரெண்டு கால்ல, முடியலன்னா ஒத்தக் கால்ல முழங்கால மடக்கி மெதுவா, முழங்கால் உள்ளுக்கு சாயாம கால் வெரல் பாக்குற பக்கமே போகணும். தொம்முனு சத்தம் கேட்டா தப்பா எறங்குறாங்கன்னு வைங்க. ஒருத்தர் முன்னுக்கு நின்னு போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து காட்டுனா புள்ளைங்களுக்கே தெரியும், ஒரு மணித்தியாலம் கத்துறத விட அது மேல்.

காத்திருக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரமும் இருக்கு. முழங்கால் பாதியில பூட்டிக்கிட்டு நீட்டவே முடியலன்னா, மூட்டு சூடா செவந்து காய்ச்சலும் இருந்தா, பாதம் மரத்து குளுந்து போனா, ஒபரேஷனுக்கு அப்புறம் கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்குனா, கிளினிக் நாள பாக்காதீங்க.

பிரெண்டோட கணுக்காலுக்கு வாறேன். அடிக்கடி பெரளுதுன்னா, மொதல் தடவ பெரண்டப்போ வலி போனதும் விட்டிருப்பாங்க, ஜவ்வு ஆறுனாலும் காலுக்கு தடுமாறுனா ஒடனே சுதாரிக்கிற பழக்கம் திரும்பி வரல. ஒத்தக் கால்ல 30 செக்கன் நிக்க சொல்லுங்க, சுலபமானா கண்ண மூடிக்கிட்டு, அப்புறம் தலகாணி மேல நின்னு, கூடவே ஒத்தக் கால்ல குதிகால தூக்கி எறக்குறது, வலி போன பிறகும் ரெண்டு மாசம் விடாம. மேட்சுக்கு கணுக்கால் பிரேஸோ டேப்போ போடட்டும், ஏற்கனவே பெரண்ட காலுக்கு அது நல்லாவே கைகுடுக்கும். அடுத்த தடவ பெரண்டா நாலு அடி எடுத்து வைக்க முடியுதான்னு பாருங்க, முடியலன்னா, இல்ல கணுக்கால் மொட்டு எலும்போட பின்பக்கத்தையோ நுனியையோ, பாதத்துக்கு வெளிப்பக்கம் நடுவுல துருத்துற எலும்பையோ அமுக்குறப்போ உசுரு போற மாதிரி வலிச்சா, எக்ஸ்ரே எடுக்கணும், சுளுக்குன்னு நெனச்சு வீட்டுல வச்சிருக்க வேணாம்.

ஒங்க எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் அதுல மெனிஸ்கஸ் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாத்து எழுதுங்க, அத வச்சுத்தான் அவசரமா, காத்திருக்கலாமான்னு டொக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு என்னால சொல்ல முடியும். அதுவரைக்கும் துவாய மறக்காதீங்க.